பி.ஆர்.5-49 குழுவின் 1996 ஆல்பம்: பழைய வேடமா, பழகிய கையா?

ஒரு வாசகரின் கேள்வி:
அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து பி.ஆர்.5-49 என்ற கன்ட்ரி இசைக் குழுவின் முதல் முழு ஆல்பத்தைக் கேட்டேன். 1996இல் வந்தது. 1950களின் சட்டையை மாட்டிக்கொண்டு 1990களில் பாடுகிறார்கள். பதினொரு பாட்டில் ஐந்து வேறு யாரோ முன்பே பாடியவை. அசல் ரே பிரைஸ் (அந்தக் காலத்துக் கன்ட்ரிப் பாடகர்) கேட்கக் கிடைக்கும்போது நகல் எதற்கு? இதை ரசிப்பவர்கள் யாராவது இருந்தால் காரணம் சொல்லுங்கள்.

ஜனவரி 9, காலை

நான் ரசிக்கிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு இந்த ஆல்பத்துக்குச் சற்று முன்னால் அவர்கள் வெளியிட்ட ‘லைவ் ஃப்ரம் ராபர்ட்ஸ்’ என்ற ஆறு பாட்டுச் சிறு தட்டுதான் எனக்கு இதைவிட உசத்தி. அதில் கூட்டத்தின் இரைச்சல் பாட்டுக்குள் வந்து விழுகிறது. முழு ஆல்பம் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்ட சட்டை.

‘நகல்’ என்ற சொல்லை மட்டும் ஏற்க மாட்டேன். வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

ஜனவரி 9, இரவு

அவர்கள் எங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாஷ்வில்லில் லோயர் பிராட்வே என்று ஒரு தெரு. அதற்குப் பின்னால் ரைமன் அரங்கம். கிராண்ட் ஓலே ஓப்ரி என்ற புகழ்பெற்ற வானொலி நிகழ்ச்சி 1974 வரை அங்கிருந்துதான் நடந்தது. நிகழ்ச்சி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போனதும் தெரு சரிந்தது. 1990களின் தொடக்கத்தில் இரவு நேரத்தில் குடும்பத்தோடு நடக்கிற தெருவாக அது இல்லை. அங்கே ராபர்ட்ஸ் என்ற இடம். சுவர் நிறைய தோல் பூட்ஸ் அடுக்கிய கடையும் அதுதான், மதுக்கூடமும் அதுதான், மேடையும் அதுதான். இந்த ஐவரும் அங்கேதான் வாரத்தில் பல இரவுகள் மணிக்கணக்காக வாசித்தார்கள். கூலி, கேட்பவர்கள் பாத்திரத்தில் போடுகிற பணம். பணம் போடுகிறவர் பாட்டும் கேட்பார். தெரியாது என்று சொன்னால் அந்தப் பணம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

நான் மதுரைப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக பேஸ் கிதார் வாசிக்கிறேன். கோயில் திருவிழா மேடையில் எங்களுக்குச் சீட்டு வரும். நான்காக மடித்த காகிதம், அதில் பாட்டின் பெயர், கேட்பவரின் பெயர், மடிப்புக்குள் ஒரு நூறு ரூபாய். பாடகர் சீட்டைப் பிரிக்கும்போதே அவர் உதட்டை நான் பார்த்துவிடுவேன். சுருதி என்ன என்று அங்கிருந்தே எனக்குத் தெரிந்தாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கள் பாடகரை ஒருவரும் நகல் என்று சொன்னதில்லை. நன்றாகப் பாடினாரா, இழுத்தாரா, அவ்வளவுதான் கேட்பார்கள்.

அந்த ஐந்து பழைய பாட்டுகளையும் நான் அப்படித்தான் கேட்கிறேன். பல நூறு இரவு சீட்டு வந்த பாட்டுகள் அவை.

ஜனவரி 10

பெயரின் பொருளை இன்னொருவர் கேட்டிருக்கிறார். ‘ஹீ ஹா’ என்று 1969இல் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதில் ஜூனியர் சாம்பிள்ஸ் என்ற பருத்த மனிதர் பழைய கார் விற்பவராக வந்து, பி.ஆர்-549 என்று தொலைபேசி எண் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். அந்த எண்தான் பெயர். அட்டையில் பி.ஆருக்குப் பின்னால் இருந்த கோடு, குழுவின் பெயரில் ஐந்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. கடையில் தேடும்போது கோட்டை இரண்டு இடத்திலும் வைத்துத் தேடுங்கள்.

ஜனவரி 12

ஐந்து பழைய பாட்டுகள் எவை என்று எழுதிவிடுகிறேன், அவற்றைப் பற்றித்தானே வழக்கு.

‘செரோக்கி பூகி’ 1951இல் மூன் மல்லிகன் பாடிப் புகழ்பெற்றது. மல்லிகன் பியானோக்காரர். ராக் அண்ட் ரோல் பாடகர் ஜெர்ரி லீ லூயிஸ் பியானோவை அறைந்து வாசித்தாரே, அந்தக் கைக்கு மூத்த கைகளில் ஒன்று இவருடையது. பி.ஆர்.5-49 குழுவில் பியானோ கிடையாது! பியானோவின் இடது கை செய்த வேலையை டபுள் பேஸ் செய்ய வேண்டும். வலது கையின் வேலையை கிதாரும் ஸ்டீல் கிதாரும் (தந்திகள் மேல் உலோகக் கட்டையைச் சறுக்கி வாசிக்கிற கிதார்) பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். நகல் எடுப்பவருக்கு இந்தத் தலைவலி வராது. இதை வாத்தியத்தைக் கையில் எடுத்து உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

‘கிரேஸி ஆர்ம்ஸ்’ 1956இல் ரே பிரைஸ் பாடி, பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் இருபது வாரம் முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டு இறுதியில் ஜெர்ரி லீ லூயிஸ் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய முதல் இசைத்தட்டும் இதே பாட்டுதான். கேள்வி கேட்டவர் ‘அசல் ரே பிரைஸ்’ என்கிறார். அந்த ஆண்டிலேயே அசலுக்கு இரண்டு முகம் வந்துவிட்டதே! அப்போது யாரும் லூயிஸை வேடம் போடுகிறவர் என்று சொல்லவில்லை. ஒரு நல்ல பாட்டை நாலு பேர் பாடுவது அந்த ஊரில் அன்றாட நடப்பு.

‘ஹாங்கி டாங்க் சாங்’, ‘ஐ எய்ன்ட் நெவர்’ இரண்டும் வெப் பியர்ஸ் பாட்டுகள். ஐந்தாவது ‘ஹிக்கரி விண்ட்’. 1968இல் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பத்தில் கிராம் பார்சன்ஸ் பாடியது. அது இந்தக் கூட்டத்தில் ஏன் இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. குழுவின் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று யாரோ நாற்காலி இழுத்து உட்கார்ந்ததுபோல இருக்கிறது. நான் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுவேன்.

ஜனவரி 13

திருத்தம். ‘வெப் பியர்ஸ் பாட்டுகள்’ என்று சொல்லி முடித்துவிட்டது தப்பு. பியர்ஸ் பாடினார், சரி. ‘ஹாங்கி டாங்க் சாங்’ 1957இல் அவருக்கு முதலிடம், ‘ஐ எய்ன்ட் நெவர்’ 1959இல் பெரிய வெற்றி. ஆனால் இரண்டையும் எழுதியதில் மெல் டில்லிஸுக்குப் பங்கு உண்டு. ‘ஐ எய்ன்ட் நெவர்’ பாட்டை டில்லிஸே 1972இல் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோனார். பேச்சில் திக்குகிற மனிதர், பாட்டில் ஒரு இடத்திலும் திக்க மாட்டார். மேடையில் அதை மறைக்காமல் பேசியே கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தவர்.

பாட்டு எழுதியவர் பெயரை மறந்து பாடியவர் பெயரில் எழுதுவது நம் ஊரிலும் நடக்கிற அநியாயம்தான். நானே அதைச் செய்துவிட்டேன்.

ஜனவரி 15

பேஸ் பற்றிக் கேட்டவருக்கு. மகிழ்ச்சியோடு எழுதுகிறேன், என் வாத்தியம்.

இந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் ஜே மெக்டவல். நின்றுகொண்டு வாசிக்கிற, ஆள் உயர டபுள் பேஸ். ராக்கபில்லியில் (கன்ட்ரியும் ராக் அண்ட் ரோலும் கலந்த 1950களின் இசை) அதை அறைந்து வாசிப்பார்கள். விரலைக் கொக்கிபோல வளைத்துத் தந்தியை இழுத்துவிட்டால், அது விரல்பலகையில் போய்ப் பட்டு ‘டக்’ என்கிறது. சுரமும் அதோடு வருகிறது. அடுத்த அரைத் தட்டுக்கு உள்ளங்கை தந்திகள் மேல் ‘சட்’டென்று விழுகிறது. டக், சட், டக், சட். 1954 ஜூலையில் மெம்ஃபிஸ் சன் கூடத்தில் எல்விஸ் பிரெஸ்லி முதல் தட்டுக்காகப் பாடியபோது உடன் இருந்தவர்கள் இரண்டே பேர்: கிதார் ஸ்காட்டி மூர், பேஸ் பில் பிளாக். டிரம்ஸ் இல்லை. கேட்கும்போது இருப்பதுபோலத் தோன்றும். பிளாக்கின் உள்ளங்கைதான் டிரம்ஸ்.

சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் பழைய டபுள் பேஸ் ஒன்று இருக்கிறது. போன வருடம் அதில் முயன்றேன். நாற்பது நிமிடத்தில் ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம் எழும்பிவிட்டது. பேஸ் கிதாரில் இருபது ஆண்டு காய்த்த விரல், அதற்கே இந்தக் கதி. இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வாசிப்பார்கள் என்று அப்புறம்தான் நண்பர் சொன்னார். ‘செரோக்கி பூகி’ முடிகிறவரைக்கும் கை தளராமல் அறைவது என்றால் என்னவென்று அன்று என் தோள்பட்டைக்குத் தெரிந்தது.

பி.ஆர்.5-49 குழுவில் டிரம்ஸ் உண்டு, வாசித்தவர் ஹாக் ஷா வில்சன். எனக்குப் பிடித்ததே இதுதான்: பேஸ் ‘சட்’டென்று அறைகிற இடத்தில் இவர் முண்டியடிப்பதில்லை. இருவரும் ஒரே கதவில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நுழைகிறார்கள். ஆறு மாதம் ஒத்திகை பார்த்தால் இது வராது. சேர்ந்து சம்பாதித்துச் சேர்ந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் வரும்.

ஜனவரி 16

‘வேடம்’ பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. முன்னால் நின்று பாடியவர்கள் இருவர். சக் மீட் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் ஊர்க்காரர். கேரி பென்னட் பசிபிக் கரையோரம் இருக்கிற வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வந்தவர். இரண்டு பேருமே டென்னசி மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. இந்த இசையைத் தேடி நாஷ்வில்லுக்குப் போனவர்கள். பிறந்த ஊரில் இருந்தால்தான் உண்மை என்றால், தேடிப் போய்க் கற்றவன் பொய்யா?

ஜனவரி 19

2018இல் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் என்னை ராபர்ட்ஸுக்கு அழைத்துப் போனார். குழு கலைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன, தெரிந்துதான் போனேன். தெரு இப்போது திருவிழாத் தெரு. ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு, ஒன்றின் மேல் ஒன்று. ராபர்ட்ஸுக்குள் நுழைந்ததும் ஸ்டீல் கிதார் சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. சுவரில் இன்னும் பூட்ஸ் அடுக்கியிருக்கிறார்கள். பொரித்த பொலோனா இறைச்சி வைத்த ரொட்டிதான் அங்கே பெயர்போன சாப்பாடு. நான் வெள்ளிக்கிழமை அசைவம் சாப்பிடுவதில்லை, அதனால் உருளை வறுவலோடு நிறுத்திக்கொண்டேன்.

1999இல் கடையை வாங்கி நடத்தி வருபவர் ஜெஸ்ஸி லீ ஜோன்ஸ். பிரேசிலில் பிறந்தவர்! அவரே ஒரு குழு வைத்துப் பாடுகிறார், குழுவின் பெயர் பிரேசில்பில்லி. அந்தத் தெருவில் பழைய கன்ட்ரி இசையை விடாமல் வைத்திருப்பவர் என்று எல்லோரும் சொல்வது அவரைத்தான்.

அங்கே நான் தெரிந்துகொண்ட இன்னொன்று: அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் ஷோ-பட் ஸ்டீல் கிதார்க் கடையாக இருந்தது. ஷாட் ஜாக்சனும் பட்டி எமன்ஸும் தொடங்கிய ஷோ-பட், பெடல் ஸ்டீல் கிதார் செய்வதில் பெரிய பெயர். அந்தச் சுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் டான் ஹெரன் இந்தக் குழுவுக்காக ஸ்டீல் வாசித்தார். ஃபிடில், மாண்டலின், டோப்ரோ எல்லாமே அவர்தான். ஒரு பாட்டில் எது இழைகிறது என்று குழம்பினால் ‘ஹெரன்’ என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள், தப்பாது. 2005இலிருந்து பாப் டிலனின் மேடையில் வாசித்தவரும் அவர்தான்.

மேடை அருகில் போய் பாத்திரத்தில் பத்து டாலர் போட்டு ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ கேட்டேன். பாடகர் தலையசைத்தார். பின்னால் திரும்பி பேஸ்காரருக்கு இரண்டு விரலைக் காட்டினார். நாஷ்வில்லில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டுகளை) எண்ணால் சொல்வார்கள் என்று படித்திருந்தேன். பேஸ்காரரின் கண் அந்த விரலுக்குப் போனதையும், உடனே கை நகர்ந்ததையும் மூன்றடி தள்ளி நின்று பார்த்தேன். எங்கள் பாடகரின் உதட்டை நான் பார்ப்பதும் இதற்குத்தான்.

ஜனவரி 20

‘லிட்டில் ரமோனா’ பற்றி ஒருவரும் பேசவில்லையே! சக் மீட் எழுதியது. பங்க் (1970களில் வந்த முரட்டு ராக்) இசைப் பித்துப் பிடித்த ஒரு பெண், ஹில்பில்லி என்கிற பழைய கன்ட்ரிப் பாட்டின் பக்கம் சாய்ந்துவிடுகிற கதை. பெயரிலேயே ரமோன்ஸ் என்ற பங்க் குழு இருக்கிறது. 1950களில் யாரும் இந்தப் பாட்டை எழுதியிருக்க முடியாது, ஏனென்றால் அப்போது பங்க் கிடையாது. தங்கள் தலைமுறை எந்த வழியாக இந்த இசைக்கு வந்தது என்று அதே இசையில் சொல்லியிருக்கிறார்கள். ‘பழைய சட்டை’ என்று கேட்டவர் இந்த ஒரு பாட்டை மறுபடி கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சொந்தப் பாட்டுகள் ஆறும் இதே உயரத்தில் இல்லை. ‘செயின்ஸ் ஆஃப் திஸ் டவுன்’ எனக்கு மனத்தில் ஒட்டவில்லை, எத்தனை முறை கேட்டும்.

ஜனவரி 22

வானொலி இவர்களை எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொல்கிறார். உண்மை. ‘செரோக்கி பூகி’ கிராமி பரிந்துரை பெற்றது, ஆனால் இந்த ஆல்பத்தின் எந்தப் பாட்டும் கன்ட்ரி பட்டியலில் முதல் 40க்குள் வரவில்லை. பாப் சாயல் கொண்ட கன்ட்ரி நட்சத்திரங்களான ஷனாயா ட்வைன், கார்த் புரூக்ஸ் காலம் அது. 1998இல் இன்னொரு ஆல்பம், 2001இல் நிறுவனம் மாறி இன்னொன்று. அதன்பின் பென்னட்டும் மெக்டவலும் விலகினார்கள். பிந்தைய ஆல்பங்களை நான் அதிகம் கேட்டதில்லை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஜனவரி 27, விடியற்காலை

காரைக்குடிப் பக்கம் நிகழ்ச்சி முடித்து வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி மூன்று இருக்கும். எல்லோரும் தூக்கம், கீபோர்டு வாசிக்கிற தம்பியின் தலை என் தோளில். காதில் இந்த ஆல்பத்தைப் போட்டுக்கொண்டேன். தம்பி எழுந்துவிடுவான் என்று கையை அசைக்காமல் இருந்ததால் பத்தாவது பாட்டைத் தாண்ட முடியவில்லை. ‘ஹிக்கரி விண்ட்’ முழுவதும் ஓடியது.

எத்தனை வருடம் தாண்டியிருக்கிறேன்! பிறந்த ஊரை விட்டு வந்தவன் அந்த ஊரின் காற்றை நினைத்துக்கொள்கிற பாட்டு அது. மெதுவாக நடக்கிறது. அது முடிந்ததும் பதினோராவது, கடைசிப் பாட்டு, ‘ஒன் லாங் சாட்டர்டே நைட்’ துள்ளிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், தம்பியும் விழித்துவிட்டான். நாங்களும் இதைத்தானே செய்கிறோம்! கடைசிக் குத்துப்பாட்டுக்கு முன்னால் ஒரு தாய்ப் பாட்டோ ஊர்ப் பாட்டோ பாடுவோம். ஆடிக்கொண்டிருந்தவர்கள் மணலில் உட்கார்ந்துவிடுவார்கள், தூங்கிய பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். அந்த அமைதி ஐந்து நிமிடம் இருந்தால்தான் கடைசிப் பாட்டுக்குக் கூட்டம் எழுந்து நிற்கும்.

ஆல்பத்தின் வரிசை மேடையின் வரிசை. 12ஆம் தேதி நான் எழுதிய ‘நாற்காலி இழுத்து உட்கார்ந்ததுபோல’ என்பதை அப்படியே வைத்திருக்கிறேன். உட்காரத்தான் வைத்திருக்கிறார்கள். அதைக் குறை என்று எழுதியது என் அவசரம்.

பிப்ரவரி 2

இஸ்திரி போட்ட சட்டை என்று 9ஆம் தேதி சொன்னதையும் இந்த வாரம் முழுக்க யோசித்தேன். இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ‘லைவ் ஃப்ரம் ராபர்ட்ஸ்’ இன்னும் எனக்குப் பிடித்ததுதான். அதில் ‘நாக்ஸ்வில் கேர்ள்’ என்ற பழைய கொலைப் பாட்டு வரும்போது வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அதில் ஹெரனின் ஸ்டீல் எங்கே குரலுக்கு விலகிக்கொள்கிறது, எங்கே உள்ளே வருகிறது என்று எனக்குப் பாதிதான் கேட்கிறது. கூடத்தில் பதிந்த ஆல்பத்தில் ஒவ்வொருவர் கையும் தனித்தனியாகக் கேட்கிறது. மீட்டும் பென்னட்டும் சேர்ந்து பாடுகிற இடங்களில் இரண்டு குரலுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிகூடக் கேட்கிறது. வாத்தியக்காரனுக்கு இந்த ஆல்பம்தான் பாடப்புத்தகம். கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டும் என்றால் சிறு தட்டு.

அப்படியானால் எது உசத்தி என்று என் மனைவி கேட்டாள். பதில் சொல்லவில்லை, இரண்டாம் முறை காப்பி வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, ‘லிட்டில் ரமோனா’ பிடித்துவிட்டது, ‘கிரேஸி ஆர்ம்ஸ்’ மட்டும் ரே பிரைஸ்தான் என்கிறார். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. பிரைஸின் பதிவில் பேஸ் நாலு தட்டுக்கும் நடந்துகொண்டே போகும், அந்த நடைக்கு அந்த ஊரில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நேற்று ஒத்திகையில் எங்கள் டிரம்ஸ்காரரிடம் அந்த நடையைப் போட்டுக் காட்டினேன். எட்டு ஆவர்த்தம் வாசித்துவிட்டு, இதில் நம் பாட்டு எது உட்காரும் என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் ‘ஹிக்கரி விண்ட்’ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பகலில் கேட்காதீர்கள். எங்காவது வெளியூர் போய்விட்டு இரவு பஸ்ஸில் திரும்பும்போது கேளுங்கள், அடுத்த பாட்டையும் சேர்த்து. கேட்டுவிட்டு எழுதுங்கள்.